கேத்திகாடும் க்யாத்தனும்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைத் தமிழர்களுக்குத் தோல்பொம்மை ஆட்டத்தை மூன்று பெயரில் சொல்ல வரும். வீட்டில் தோற்பாவைக் கூத்து. கன்னடத்தில் தொகலு கொம்பெயாட்ட. குப்பம் பக்கம் ரயிலேறி ஆந்திர எல்லைக்குள் போய்விட்டால் தோலு பொம்மலாட்ட. மலாய்க்காரர்களின் நிழல்கூத்தான வாயாங் கூலிட்டிலும் 'கூலிட்' என்பது தோல்தான். 'வாயாங்' மட்டும் நிழலைச் சேர்ந்த சொல். மலாயில் நிழலுக்குப் பெயரான 'பாயாங்' அதற்கு உறவு. நம் மூன்று மொழிகளும் தோலையும் பொம்மையையும் சொன்னதோடு சரி, நிழலை விட்டுவிட்டன.

இந்தப் பெயர்களில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் கோமாளியின் பெயரில்தான்.

ராமனும் பாண்டவரும் திரைக்கு வரும் முன்பும், கதை தொய்யும்போதும், கோமாளி வந்தே ஆக வேண்டும். தமிழில் அவன் உச்சிக்குடும்பன், கூட்டாளி உளுவத்தலையன். தெலுங்கில் கேத்திகாடு, ஜோடி பங்காரக்கா. கன்னடத்தில் கிள்ளேக்யாத்தன்: கருத்த உடம்பு, கோணல் மூக்கு, அடக்கமில்லாத வாய். ராமனுக்கும் சீதைக்கும் எழுதி வைத்த பேச்சு உண்டு. இவனுக்குக் கிடையாது, அன்றைக்கு ஊரில் என்ன நடந்ததோ அதுதான் பேச்சு.

கன்னடத்தில் இந்தப் பொம்மையின் பெயர்தான் அதை ஆட்டுகிறவர்களின் சாதிப்பெயர். 1909-ல் வந்த தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலிலும் அவர்கள் கிள்ளேக்யாத்தர்களே. இன்று கர்நாடகத்தின் பட்டியல் சாதிகள் வரிசையில் 'சில்லேக்யாத்தா' என்று இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் தாலுகா அலுவலகத்தில் வாங்கும் சான்றிதழில் கோமாளியின் பெயர் முத்திரையோடு வருகிறது. வீட்டில் அவர்கள் பேசுவது மராட்டி வழிப் பேச்சு. அதை வைத்து ஒரு பெயர் கொடுத்திருக்கலாம். தெலுங்கர்கள் அப்படித்தான் செய்தார்கள். மராட்டியரைக் குறிக்கும் 'ஆரே' அங்கே இவர்களுக்கும் பெயரானது. கன்னட ஊர்கள் திரையில் பார்த்ததை வைத்துக் கூப்பிட்டன.

சரி, க்யாத்தன் யார்? தங்கச் சுரங்கம் 2001-ல் மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு இதைப் போன்ற ஒரு சொல் நன்றாகத் தெரியும். காவிரித் தகராறு வந்தால் எதிர் இருக்கைக்காரர் விரித்துப் பிடிக்கும் கன்னடப் பத்திரிகையில் 'தமிழ்நாடு மறுபடி க்யாத்தெ' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். க்யாத்தெ என்றால் வம்பு, வீண் சண்டை. வம்புக்காரப் பொம்மைக்கு வம்பு என்றே பெயர் வைத்தார்கள் என்று சொல்லிவிடலாம், சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒலி ஒத்துப்போவதாலேயே வேர் ஆகிவிடாது. அதோடு க்யாத்தனஹள்ளி, க்யாத்தசந்திரா என்று ஊர்கள் இருக்கின்றன; வம்பை ஊருக்குப் பெயராக யாரும் வைத்துக்கொள்வதில்லை. அது ஆள்பெயராக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆள்பெயர் பேச்சுக் கன்னடத்துக்குள்ளேயே கிடைக்கிறது. எழுத்தில் 'பேட', வேண்டாம் என்று பொருள். கிராமத்து வாயில் அது 'ப்யாட'. 'மேலெ' என்பது 'ம்யாலெ'. அடுத்த அசையில் அகரமோ எகரமோ வந்தால் ஏகாரம் பெரும்பாலும் இப்படி 'யா' ஆகிவிடும். அதே வழியில் பின்னோக்கிப் போனால் க்யாத்தன் 'கேத்தன்' ஆகிறான். தெலுங்கின் கேத்திகாடு பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்: அதே ஆள். அங்கே 'கேத்தி' என்று இகரம் வருவதால் ஏகாரம் அசையாமல் நின்றுவிட்டது. 'கிள்ளே'யைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. அது சில ஊர்களில் 'சில்லே' என்றும் ஒலிக்கிறது.

கேத்தன் ஒரு காலத்தில் மதிப்பான பெயர். 13-ம் நூற்றாண்டில் தசகுமார சரித்திரத்தைத் தெலுங்கில் பாடி, தெலுங்குக்கு இலக்கணமும் எழுதிய புலவர் பெயர் கேத்தனா. பிறகு பெரிய இடங்களில் அந்தப் பெயர் அருகிப்போய், கூத்துத் திரையில் தங்கிவிட்டது. நம் சினிமாவில் குப்பனும் சுப்பனும் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளலாம். தெலுங்கு அதோடு நிற்காமல் 'காடு' என்று ஒரு விகுதியையும் ஒட்டியது. 'அவன், இவன்' என்று ஏகவசனத்தில் எட்டி நிறுத்துகிற விகுதி.

மலேசியாவின் கிளந்தான் மலாய்க்காரர்கள் இதற்கு நேர்மாறு. அவர்களின் கோமாளிகள் பாக் டோகோல், வாக் லோங். 'பாக்' தகப்பன் முறை, 'வாக்' பெரியவர் முறை. இந்தப் பாக் டோகோல் உண்மையில் மண்ணுக்கு இறங்கிவந்த பெரிய தேவன் என்பது அங்கே ஐதீகம். அதனால் கூத்தாடும் டாலாங் மற்றப் பொம்மைகளைக் காட்டிலும் அதை மரியாதையாக எடுத்து வைப்பார். அங்கே கோமாளியின் பெயர் ஆட்டுகிறவருக்கு ஒட்டியிருந்தால் அது பட்டமாகவே ஆகியிருக்கும்.

இங்கேயும் அந்தக் கோமாளிப் பெயர் டெல்லி வரை போனது. கொப்பள் மாவட்டத்தில் தொகலு கொம்பெயாட்டத்திலேயே ஆயுளைக் கழித்த மூதாட்டி ஒருவருக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பட்டியலில் இருந்த முழுப்பெயர்: பீமவ்வ தொட்டபாளப்ப சில்லேக்யாத்தர.