கிஃப்ட் திலாப்பியா

கிஃப்ட் திலாப்பியா என்பது தேர்வுமுறை இனப்பெருக்கத்தால் மேம்படுத்தப்பட்ட நைல் திலாப்பியா வகை. தமிழ்நாட்டுக் குளங்களில் பெருகியுள்ள ஜிலேபிக் கெண்டையின் நெருங்கிய உறவு மீன் இது.

தோற்றம்: 1988இல் பிலிப்பீன்ஸில் இக்லார்ம் நிறுவனம் (இன்றைய வேர்ல்டுஃபிஷ்) இவ்வகையை உருவாக்கும் ஆய்வைத் தொடங்கியது. ஆசிய வளர்ச்சி வங்கியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் நிதியளித்தன. நார்வேயின் சால்மன் இனப்பெருக்க அனுபவம் வழிகாட்டியது.

முறை: எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் இயற்கை நீர்நிலைகளிலிருந்து பிடித்த மீன்களை, ஆசியாவில் வளர்க்கப்பட்ட 4 வகைகளுடன் கலந்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்த குடும்பங்களே அடுத்த தலைமுறைக்குத் தாய்மீன்களாயின. வேற்று உயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படவில்லை.

பயன்: விரைவாக வளர்வதால் சிறு குளம் வைத்திருக்கும் உழவருக்கும் கட்டுப்படியாகிறது, ஏழைகளின் தட்டுக்கு மலிவான புரதம் சேர்கிறது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் பலன் பல நாடுகளின் பண்ணைகளைச் சென்றடைந்தது இதன் பெருமை. இந்தியாவில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இதன் குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது.

எச்சரிக்கை: தப்பிய மீன்கள் ஆறு, ஏரிகளில் பெருகி நாட்டு மீன்களை நெருக்கும். ஆகவே ஆண் குஞ்சுகளை மட்டும் வளர்ப்பதும், மடைகளுக்கு வலையிடுவதும் இன்றியமையாதவை.