விரலடையாளமும் வாக்குரிமையும்

குடியாட்சியின் அத்திவாரம் வாக்காளர் இடாப்பேயாகும். போலிப் பெயர்களும் இரட்டைப் பதிவுகளும் மலிந்திருந்த நைஜீரியாவில், 2011ஆம் ஆண்டு மக்களின் விரலடையாளங்களைப் பெற்றுப் புதிய இடாப்பொன்று ஆக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 7 கோடியே 35 இலட்சம் பேர் இடம்பெற்றனர். அவ்வாண்டுச் சனாதிபதித் தேர்தலில் அவர்களுள் நூற்றுக்கு 54 பேர் வாக்களித்தனரெனக் கணக்கிடப்பட்டது.

2015இல் வாக்காளர் அட்டையையும் விரலையும் ஒப்புநோக்கும் கருவி வாக்களிப்பு நிலையங்களிற் புகுந்தது. சனாதிபதியாயிருந்த குட்லக் ஜோனதனின் விரலையே அக்கருவி அறியத் தவறியது. கருவி பழுதுற்ற இடங்களில் இடாப்பைக் கொண்டு சரிபார்க்கத் தேர்தல் ஆணைக்குழு இசைந்தது. வாக்களித்தோர் வீதம் 44 ஆயிற்று. ஆயினும், பதவியிலிருந்த சனாதிபதியொருவர் தேர்தலில் தோல்வியுற்றது அந்நாட்டு வரலாற்றில் அதுவே முதன்முறை. 2023இல் அவ்வீதம் ஏறக்குறைய 27 ஆகச் சுருங்கிற்று.

இவ்வீழ்ச்சி முழுவதையும் கருவியின்மேற் சுமத்துதல் தகாது. முன்னைய தொகையிற் கலந்திருந்த பொய்வாக்குகள் நீங்கியமையும் இதற்கொரு காரணமென ஆய்வாளர் பலர் கருதுவர். வாக்காளர் அட்டையைப் பெறுதலிலுள்ள இடரும், வன்செயல் பற்றிய அச்சமும், ஆட்சியாளர்மேல் நம்பிக்கையின்மையும் ஏனைய காரணங்களாம். வந்தவர் யாரென்பதைக் கருவி உணர்த்தும். வாராதவரை அழைத்து வருவது, தம் வாக்குக்குப் பயனுண்டென்னும் நம்பிக்கை ஒன்றேயாம்.