சாவி இல்லாத ஜீப்பும் தாத்தாவோட ரோட்டரும்

எங்க தாத்தா புளியந்தோப்புல பெட்ரோல் அம்பாசடர் டாக்ஸி வச்சிருந்தார். ராத்திரி வண்டியைத் தெருவுல நிறுத்திட்டு வரும்போது சாவியோட இன்னொண்ணும் கையில இருக்கும். கட்டை விரல் சைஸுக்கு ஒரு பேக்லைட் துண்டு. அதை சாமி படத்துக்குப் பக்கத்துல வைப்பார். "கிரீஸ் கையோட சாமி படத்தை தொடாதய்யா"ன்னு ஆயா கத்தும்.

அதுதான் ரோட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள சுத்திச்சுத்தி ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறை வச்சு கரண்டைத் தள்ளுற சாமான். அதை உருவிட்டா வண்டி கத்துமே தவிர கிளம்பாது. 'மிலிட்டரி டிரைவருங்க பழக்கம்டா'ன்னுவார் தாத்தா. அவரோட மேஸ்திரி அந்தக் காலத்து மிலிட்டரி டிரைவராம்.

கதை விடுறார்னு நினைச்சேன். நிஜம்தான். இரண்டாம் உலகப் போர்ல வந்த வில்லிஸ் ஜீப்புக்கு ஆரம்பத்துல சாவி இருந்தது, ஆனா எல்லா வண்டிக்கும் ஒரே சாவி! (எங்க ஆபீஸ்ல எல்லா சர்வருக்கும் 'அட்மின்'னு ஒரே பாஸ்வேர்டு வைக்கிற மாதிரி.) அப்புறம் அதையும் எடுத்துட்டு வெறும் சுவிட்ச் வச்சாங்க. டிரைவர் குண்டடிபட்டு விழுந்தா, பக்கத்துல இருக்கறவன் சாவியைத் தேடிட்டா இருப்பான்? யார் வேணா ஓட்டலாம்ங்கறதுதான் டிசைனே. அதனால யார் வேணா திருடவும் செஞ்சாங்க. எதிரி இல்லீங்க, பக்கத்து யூனிட்காரங்க! ரோட்டரைக் கழட்டறது, ஸ்டியரிங்ல சங்கிலி போட்டு பூட்டறது எல்லாம் அப்படி வந்ததுதான்.

1940ல பிரான்ஸ் விழுந்த சமயத்துல பிரிட்டன்ல சாதாரண ஜனங்களுக்கே உத்தரவு போட்டாங்க, காரை விட்டுட்டுப் போனா ஓட்ட முடியாதபடி பண்ணிட்டுத்தான் போகணும்னு. ஜெர்மன்காரன் வந்து இறங்கி அதுலயே ஏறிப் போயிடக் கூடாதுல்ல. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் வர்றான்னு நம்ம மெட்ராஸே காலியானப்ப இங்கயும் பயம் அதே ரகம்தான்.

டீசல் எஞ்சின்ல இந்த வித்தை செல்லாது, அதுல ஸ்பார்க்கே கிடையாது. அமெரிக்க ஹம்வீக்கும் சாவி கிடையாது, ஸ்டியரிங்ல கேபிள் கட்டி பூட்டுதான். 1995 மே மாசம் சான் டியாகோல ஒருத்தர் கடப்பாரையால பூட்டை உடைச்சு எம்60 டாங்க்கியையே ஓட்டிட்டுப் போயிட்டார். 23 நிமிஷம் காரு, கம்பம்னு நசுக்கித் தள்ளினார். கடைசியில போலீஸ் சுட்டதுல செத்துப்போனார். 50 டன்னுக்கு மேல எடை, அதுக்குக் காவல் ஒரு பூட்டு!

சிரிக்க முடியல எனக்கு. ஒரு நாள் தாத்தாவுக்கு காய்ச்சல். அப்பாதான் வண்டியை நிறுத்திட்டு வந்தார். சாவியை மட்டும் கொண்டு வந்தார். காலையில பார்த்தா தெரு காலி. டியூ இன்னும் 14 மாசம் பாக்கி. அப்பாவை தாத்தா ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் அப்பாவுக்கு இன்னிக்கும் ஆறல.

ரெண்டு நாள் கழிச்சு பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி கிடைச்சது. டயர் இல்ல, பேட்டரி இல்ல, சீட்டு கூட இல்ல. தாத்தா நேரா போய் பானெட்டைத் தூக்கி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டினாராம். ரோட்டர் மட்டும் பத்திரமா இருந்துச்சு.