கேள்வி கேட்கக் கூடாத சட்டசபை உறுப்பினர்

பூந்தமல்லியிலோ ஆவடியிலோ அம்பத்தூரிலோ தண்ணீர் வராவிட்டால், ‘நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையில் கேட்டாரா?’ என்று டீக்கடையில் பேச்சு எழும். 1863-இல் சென்னை சட்டசபைக்குப் போன கஜுலு லட்சுமிநரசு செட்டியை அப்படி யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. கேள்வி கேட்கும் உரிமையே அங்கே எவருக்கும் இல்லை.

1861-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த சபை அது. கவர்னர் நியமித்தால் நாற்காலி. அதுவும் இரண்டே வருடம். கொண்டுவந்த மசோதாவைப் பற்றிப் பேசலாம், அரசின் வரவு செலவைத் தொடக் கூடாது.

ஆனால் லட்சுமிநரசு தம் வேலையை நாற்காலி கிடைக்கும் முன்பே முடித்துவிட்டிருந்தார். 1806-இல் பிறந்த சென்னைக்காரர். துணி, அவுரி வியாபாரத்தில் சம்பாதித்தவர். அந்தக் காசில் 1844-இல் ‘கிரசென்ட்’ பத்திரிகை, 1852-இல் சென்னை சுதேசி சங்கம்.

அன்று தாசில்தாரே வரி வசூலிப்பவர்; போலீசும் அவர் கையில். கிஸ்தி பாக்கி வைத்த விவசாயியின் விரல்களைக் கிட்டி என்ற கருவியில் வைத்து நெரித்தார்கள். குனியவைத்துக் கட்டி, முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்தினார்கள். மேலதிகாரிகளுக்கு இதெல்லாம் தெரியாதாம்! 1853-இல் இந்தியா வந்த டான்பி செய்மூர் என்ற பிரிட்டிஷ் எம்.பி.யை லட்சுமிநரசு ஜில்லா ஜில்லாவாக அழைத்துப்போய், அடிபட்டவர்களையே பேசவைத்தார். சங்கத்தின் மனுக்களால் அசையாத லண்டன் இதற்கு அசைந்தது. அடுத்த வருடம் நாடாளுமன்றத்தில் விவகாரம் வெடித்தது. விசாரணைக் கமிஷன் அமைந்தது. விவசாயிகள் சென்னைக்கே வந்து புகார் சொன்னார்கள். 1855-இல் வெளியான அறிக்கை, சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அதை வைத்து 1857-இல் நியூயார்க் டிரிபியூனில் காரல் மார்க்ஸ் எழுதினார். 1859-இல் வந்த சென்னை போலீஸ் சட்டம், போலீசை வரி வசூலிலிருந்து பிரித்தது.

பிறகுதான் பட்டமும் பதவியும். பிரிட்டிஷ் அரசின் சி.எஸ்.ஐ. விருது; சபையின் முதல் இந்திய உறுப்பினர் வி. சடகோபாச்சார்லு 1863-இல் காலமானதும் நியமனம். குடைந்து குடைந்து கேட்டே பேர் வாங்கிய மனிதரை, கேட்கவே முடியாத இடத்தில் உட்கார வைத்தார்கள். கௌரவம் பண்ணுவதில் இதுவும் ஒரு வகை!

பொதுக் காரியத்துக்கே பணத்தைக் கரைத்தவர் 1868-இல் வறுமையில் இறந்தார். சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை 1892-இல்தான் வந்தது.