எலும்பின் மறைவைக் கண்ட வரலாறு

வெளிமாநிலங்களில் உழைத்து வாழும் நம்மிடையே, முதுகுவலியை உழைப்பின் கூலியென்று பொறுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பெங்களூர் லிங்கராஜபுரத்துத் தமிழ்க் குடும்பங்களின் முதியோரும் இதற்கு விலக்கல்லர். பெரும்பாலும் அஃது எளிய வலியே. ஆயினும், ஒரு சிலரிடத்து அதற்குக் காரணம், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்னும் புற்றுநோயாகும். மறைந்து நிற்கும் இந்நோயைக் காண மனிதன் கற்ற வரலாற்றை இங்கே நோக்குவோம்.

1845-ஆம் ஆண்டில் லண்டன் மளிகை வணிகர் தாமஸ் மக்பீன் தீராத எலும்பு வலியால் வருந்தினார். அவருடைய சிறுநீரை ஆராய்ந்த மருத்துவர் பென்ஸ் ஜோன்ஸ், அமிலத்தால் திரண்டு, காய்ச்சினால் கரைந்து, ஆறினால் மீண்டும் திரளும் விந்தைப் புரதமொன்றைக் கண்டார். 1846-இன் தொடக்கத்தில் வணிகர் இறந்த பின்னரே, அவருடைய எலும்புகள் மென்மையுற்றிருந்தமை புலனாயிற்று.

1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே, உயிரோடிருப்பவர் எலும்பையே காட்டிற்று. எனினும், எலும்பின் ஒரு பகுதியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கரைந்த பின்னரே அதன் குறை படத்தில் தெரியும். திருடன் போன பின் உடைந்த கதவைக் காண்பது போன்றதே அது.

திருடனையே காணும் வழி 1976-இல் பிறந்தது. கதிரியக்க ஃப்ளூரின் கலந்த சர்க்கரை போன்றதொரு பொருள், அமெரிக்காவில் முதன்முறையாக மனித உடலில் செலுத்தப்பட்டது. பசிமிக்க புற்றணுக்கள் அதனை மிகுதியாக உட்கொள்ள, பெட் கருவி அவ்விடங்களைக் காட்டுகிறது. அக்கதிரியக்கம் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைவதால், மருந்து செய்யும் இடம் அருகில் இருத்தல் வேண்டும். இந்தியாவில் மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் கருவியும் 2002-இல் மும்பையில் முதலில் அமைந்தன. 2014-இல் பன்னாட்டு வல்லுநர் குழு, எக்ஸ்ரேயில் தெரியாவிடினும், பெட்-சி.டி. படத்தில் காணும் எலும்புச் சிதைவையும் சிகிச்சை தொடங்கப் போதிய சான்றாக ஏற்றது.

ஆயினும், பத்தில் ஒருவரளவில் இந்நோயணுக்கள் அச்சர்க்கரையைப் போதிய அளவு பற்றுவதில்லை. எனவே, அணுவின் மேற்புறத்திலுள்ள அடையாளப் புரதங்களையே நாடிச் சென்று ஒட்டும் மருந்துகளை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் புரதத்தை நாடும் மருந்தின் முடிவுகள் 2015-இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தன, சி.டி.38 என்பதை நாடுவன பிறகு வந்தன.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது ஒன்றே: ஒரு படம் தெளிவாயிருப்பதால் மட்டும் நோயில்லை என்று துணிதல் கூடாது. நீங்காத எலும்பு வலியுடன் இரத்தச்சோகையும் சோர்வும் சேர்ந்தால், மருத்துவரை நாடுவோம். முதலில் வேண்டுவன விலையுயர்ந்த படங்களல்ல. இரத்த, சிறுநீர்ச் சோதனைகளே. மக்பீனின் காலத்தில் இறந்த பின் தெரிந்த உண்மையை, நம் முதியோர் வாழும்போதே அறிந்து காத்தல் நம் கடன்.