மக்கள் வாழ்வை அளந்த அளவுகோல்கள்

1876ஆம் ஆண்டு பம்பாயில், கிழக்கிந்தியச் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் தாதாபாய் நௌரோஜி 'இந்தியாவின் வறுமை' என்னும் ஆய்வுரையைப் படித்தார். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியா வளம் பெற்று வருகிறது என்று அதிகாரிகள் ஆண்டறிக்கைதோறும் எழுதி வந்த காலம் அது. ஏற்றுமதி வளர்ந்தது, இருப்புப் பாதை நீண்டது, வரி வசூல் பெருகியது. இவையே அவர்கள் கண்ட முன்னேற்றம். நௌரோஜி அவர்களுடைய அறிக்கைகளையே கையில் எடுத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்டார். இத்தனை வளமும் தலைக்கு எவ்வளவு? 1867-68ஆம் ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு, மாகாணந்தோறும் சாகுபடி நிலம், விளைச்சல், விலை ஆகியவற்றைப் பெருக்கி, பிற தொழில்களின் வருவாயையும் கூட்டி, மொத்தம் 34 கோடி பவுன் என்று மதிப்பிட்டார். அதனை 17 கோடி மக்களுக்குப் பகுத்தால் ஆளுக்கு 40 ஷில்லிங். அதாவது ஆண்டுக்கு 20 ரூபாய்.

இருபது ரூபாய் போதுமா, போதாதா என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டுமன்றோ? அதனை அவர் கண்டெடுத்த இடந்தான் வியப்புக்குரியது. கடல் கடந்து கூலி வேலைக்குச் செல்வோருக்குக் கப்பலில் என்ன உணவு தரவேண்டும் என்று அரசாங்க மருத்துவ அதிகாரி ஒருவர் வகுத்திருந்த பட்டியல் அது. அரிசி அல்லது மாவு, பருப்பு, காய்கறி, சிறிது இறைச்சி, நெய், எண்ணெய், உப்பு. உழைப்பு ஏதுமின்றிக் கப்பல் தளத்தில் அமர்ந்திருப்பவனுக்கு வகுத்த உணவு! அந்த அளவு வாழ்க்கைக்கே ஆண்டுக்கு, இடத்துக்கு ஏற்றவாறு, 16 முதல் 35 ரூபாய் வரை ஆகும் என்று நௌரோஜி காட்டினார். நல்லது கெட்டதுக்கான செலவோ, மழை பொய்த்த ஆண்டுக்கான சேமிப்போ இதில் சேரவில்லை என்பதையும் அவரே சொன்னார். சென்னையிலிருந்து மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் தமிழர்கள் கப்பலேறிய காலமும் அதுவே. நாட்டை விட்டுப் போகிறவனுக்கு எழுதிய பட்டியல், நாட்டில் இருப்பவனின் வறுமையை அளக்கும் முதல் கோலாயிற்று.

விடுதலைக்குப் பின் அந்தக் கோல் திட்டக் குழுவின் கைக்கு வந்தது. 1962இல் பணிக்குழு ஒன்று, 1960-61 விலைவாசியில் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் தேசியக் குறைந்தபட்சம் என்றது. நகரங்களுக்கு 25 ரூபாய். 1971இல் தாண்டேகரும் ராத்தும் நாளொன்றுக்கு 2250 கலோரி என்னும் அளவை வைத்து ஆராய்ந்தனர். 1979இல் அது கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 என்றாயிற்று. இந்த எண்களைவிட, 1962ஆம் ஆண்டுக் குழு ஒதுக்கி வைத்ததே நம் கவனத்துக்கு உரியது. மருத்துவமும் கல்வியும் அரசு தரவேண்டியவை. ஆகவே அந்தச் செலவை இதில் சேர்க்க வேண்டியதில்லை என்று அவர்கள் கருதினர். நல்ல எண்ணந்தான். ஆயினும் விளைவைப் பாருங்கள். வறுமைக் கோடு செலவைக் கொண்டு அளக்கப்படுவது. கடன் வாங்கி மருத்துவம் பார்த்தால் குடும்பத்தின் செலவு கூடும். செலவு கூடினால், கடனில் மூழ்கிய அந்தக் குடும்பம் ஏட்டில் கோட்டைத் தாண்டி மேலேறிவிடும்!

வருமானத்தையும் செலவையும் விட்டு விலகிப் பார்க்கும் துணிவு 1970களில் பிறந்தது. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் சபைக்காகச் செய்த ஆய்வு 1975இல் வெளிவந்தது. தலா வருமானத்தில் கேரளம் நாட்டின் சராசரிக்கும் கீழே. எழுத்தறிவிலும் ஆயுளிலும் நெடுந்தூரம் முன்னே. பழைய கோலால் இதனை விளக்க இயலவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய மாரிஸ் டேவிட் மாரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், 1979இல் பணத்தை முற்றிலும் நீக்கி மூன்றே தலைப்புகளில் நாடுகளை அளந்தார்: குழந்தை இறப்பு, ஒரு வயதைக் கடந்த குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள், எழுத்தறிவு. 1990இல் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மகபூப் உல் ஹக் மனித மேம்பாட்டுக் குறியீட்டை அமைத்தபோது, வருமானத்தை மீண்டும் உள்ளே அழைத்து, ஆயுள், கல்வி ஆகியவற்றின் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காக உட்கார வைத்தார். மனித வாழ்வை ஒற்றை எண்ணில் அடக்குவதா என்று அவர் நண்பர் அமர்த்தியா சென் தயங்கினார். தேசிய வருமானம் என்னும் ஒற்றை எண்ணை வெல்ல, அதே அளவு முரட்டுத்தனமான இன்னோர் எண் வேண்டும் என்பது ஹக்கின் வாதம். அது வென்றது.

வள்ளுவர் நாட்டுக்கு அழகு செய்பவை என ஐந்தினைக் கூறும்போது நோயின்மையை முதலிலும் செல்வத்தை அதற்கு அடுத்தும் வைத்தார். இதைக் கொண்டு குறியீட்டை நாமே கண்டுபிடித்தோம் என்று மேடையில் முழங்குவது மிகை. அந்த வரிசை முறை சிந்திக்கத்தக்கது, அவ்வளவே.

இத்தனை கோல்களுக்கும் அகப்படாத ஒன்று நம் வீடுகளிலேயே உண்டு. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண் 'வேலை செய்யாதோர்' என்னும் தொகுதியில் சேர்வாள். 2001ஆம் ஆண்டுக் கணக்கில் பிச்சையெடுப்போரும் சிறைக் கைதிகளும் அதே தொகுதியில் இருந்தனர். விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் இதனைக் கடுமையாகச் சாடியது. அந்த உழைப்பை நேரத்தால் அளந்து பார்க்கும் முயற்சி அதற்கு முன்பே, 1998-99இல், தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நடந்தது. நாடு முழுமைக்கும் அது நடக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபடும் ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அப்போது தெரிந்தது. ஐந்து மணி நேர உழைப்பு, ஆனால் 'வேலை செய்யாதோர்'!

ஊர் பெயர்ந்து வந்தவர்களுக்கு அதே ஏட்டில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. பெயர்ந்த காரணம் என்ன என்னும் கேள்வி 1981இல் சேர்க்கப்பட்டது. வேலை, கல்வி, குடும்பத்தோடு வந்தது, திருமணம், பிற என்று அதற்குச் சில விடைகளே. நம் ஆடவர் பெரும்பாலும் முதல் விடையில் அடங்குவர். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ பிறந்து, மணமாகி டில்லிக்கோ பம்பாய்க்கோ வந்த பெண்ணுக்குத் 'திருமணம்' என்று எழுதப்படும். இந்தியைப் புதிதாகக் கற்று, அவள் பின்னர் இங்கே ஒரு பள்ளியில் முப்பது ஆண்டு ஆசிரியையாக இருந்திருப்பாள். கூடப்பிறந்தோரைப் படிக்க வைக்க மாதந்தோறும் மணியார்டர் அனுப்பியிருப்பாள். அடுத்தடுத்த கணக்கெடுப்புகளிலும் அந்தப் பத்தியில் அவளுக்கு உரிய விடை திருமணமாகவே இருக்கும்.