மெழுகில் முகம் வடித்த பேஷன்ஸ் ரைட்

பேஷன்ஸ் ரைட் பெயரைச் சொன்னதும் அமெரிக்க விடுதலைப் போரின் உளவாளி என்ற கதைதான் முன்னால் வந்து நிற்கிறது. லண்டனில் இருந்தபடி, மெழுகுத் தலைகளுக்குள் ரகசியச் செய்திகளை ஒளித்து அனுப்பினாராம். இதற்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. குடும்பத்தார் சொல்லி வந்ததே பெரும்பாலும் ஆதாரம். பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. எழுத்துப்பிழை மலிந்த அந்தக் கடிதங்களில் அரசியல் ஆர்வம் கொப்பளிக்கிறது, உண்மைதான். ஆனால் உளவுக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவருடைய கைத்திறனை மறந்துவிட்டோம். இது ஒரு சிற்பிக்கு நாம் செய்த அநீதி.

1725-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர், பீப்பாய் செய்பவரான ஜோசப் ரைட்டை மணந்து, 1769-இல் விதவையானார். வளர்க்கப் பிள்ளைகள் இருந்தார்கள். தங்கை ரேச்சல் வெல்ஸுடன் சேர்ந்து மெழுகில் முகம் வடிப்பதைப் பிழைப்பாக்கிக்கொண்டார். அன்றைய காலனிகளில் சிற்பப் பள்ளியே கிடையாது, ஆண்களும் தாமாகத்தான் கற்றார்கள், இதில் இவருக்கு மட்டும் என்ன பெருமை என்று கேட்கலாம். கேள்வி சரியே. அவர் பெருமை பள்ளிக்குப் போகாததில் இல்லை, தனக்கென்று ஒரு முறையைக் கண்டதில் இருக்கிறது. பளிங்குக்குச் சுரங்கமும் வெண்கலத்துக்கு உலையும் உதவியாட்களும் வேண்டும். மெழுகுக்கு உடம்புச் சூடே போதும். மேலங்கிக்கு அடியில், மடியில் மெழுகை வைத்து இளக்கி, எதிரே இருப்பவரிடம் ஓயாமல் பேசிக்கொண்டே கைகளால் முகத்தை உருவாக்குவார். பேச்சில் ஆழ்ந்தவர் தன் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள மாட்டார். பேஷன்ஸின் வாயாடித்தனம் என்று பலர் பரிகசித்தது தொழிலின் பாதி என்றே நான் கருதுகிறேன். 1772-இல் லண்டன் போனபின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தையும் வடித்தார். அவருடைய கைத்திறனுக்கு வலுவான சாட்சி அவரைப் பிடிக்காத ஒருவரிடமிருந்தே வருகிறது. 1784-இல் அவரைப் பார்க்கப் போன, அமெரிக்கத் தூதர் ஒருவரின் மனைவியான அபிகேல் ஆடம்ஸ், அவருடைய நடத்தையைக் கண்டு முகம் சுளித்துக் கடிதம் எழுதினார். மெழுகு உருவங்களைப் பார்க்கத் தயாராகவே போயிருந்தும், அறை நடுவே செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த பாதிரியாரைப் பத்து நிமிடம் நிஜ மனிதர் என்றே நம்பிவிட்டதாக அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்.

மெழுகு வேடிக்கைக் காட்சிக்கான பொருள், அதில் கலை ஏது என்பது இன்னொரு மறுப்பு. அவர் கட்டணம் வாங்கிக் காட்சி நடத்தியதும், 1771-இல் நியூயார்க்கில் நேர்ந்த தீ விபத்தில் பல உருவங்கள் அழிந்ததும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தன. அழியும் பொருள் என்பதால் கைத்திறன் தாழ்ந்துவிடாது; சான்றுதான் குறையும். அப்படியும் ஒன்று மிஞ்சியது. 1778-இல் இறந்த அரசியல் தலைவர் வில்லியம் பிட்டுக்கு அவர் வடித்த முழு உருவம், மறு ஆண்டே வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் சென்றது. இன்றும் அங்கே இருக்கிறது. மன்னர்களின் உருவங்களை நூற்றாண்டுகளாகச் சேர்த்துவந்த இடம் அது. 1806-இல் கடற்படைத் தளபதி நெல்சனின் மெழுகுருவம் வேண்டியபோதும் அபே நாடியது காத்தரின் ஆண்ட்ராஸ் என்ற ஒரு பெண்ணைத்தான்.